மேட்டுக்கு இரண்டாம் முறை

வெண்டல்ஹைம், மின்னசோட்டா
11 மார்ச் 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வெரேனா எழுதுகிறேன். நீங்களும் இனெஸ் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் இரண்டு வீடுகளுக்கும் நடுவே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர வேறெதுவும் போய்வருவதில்லை. அதனால் உறையைப் பார்த்ததும் கெட்ட செய்தியோ என்று பயந்திருப்பீர்கள். அப்படி ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வலது முழங்கால் மட்டும்தான் தொந்தரவு. பனி இன்னும் ஜன்னல் விளிம்பு வரை கிடக்கிறது.

நம் ஊர் பேஸ்பால் அணி மாநிலக் கோப்பையை வென்று இந்த ஆண்டோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஆகஸ்டு 18 அன்று மைதானத்தில் விழா. நூலகத்தில் வேலை பார்க்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக விழா மலரை என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று எனக்கு ஒரு வயது. நான் பார்த்த ஆட்டம் இல்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஆட்டம். மலரை இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

'1971 செப்டம்பர், முதல் திங்கட்கிழமை. இறுதி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ். வெண்டல்ஹைம் மூன்று, எதிரணி இரண்டு. இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை நமக்கு. இரண்டு தளங்களில் ரன்னுக்கு ஓடக் காத்து நிற்கும் எதிரணி ஆட்கள். அந்த ஆண்டு முழுவதும் நமக்காகப் பந்தெறிந்த ஒத்மாரை, அவர் அண்ணனும் மேனேஜருமான லியாண்டர் பந்தெறியும் மேட்டிலிருந்து இறக்கினார். மாநிலப் போட்டிக்குப் போகும் ஊர், தோற்றுப்போன பக்கத்து ஊர்களிலிருந்து பந்தெறியும் பிட்சர்களை இரவல் எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே வழக்கம். அப்படி ராஸ்பெர்க்கிலிருந்து வந்திருந்த ஃப்ளோரியன் கெட்லரிடம் பந்தைக் கொடுத்தார். ராஸ்பெர்க்! நமக்கு ஆகவே ஆகாத ஊர். ஃப்ளோரியன் நாலு பந்து எறிந்து கையைக்கூடச் சூடாக்கியிருக்கவில்லை. அவர் போட்ட முதல் பந்திலேயே இரண்டு பேர் அவுட்.'

மைதான வாசலில் ஒரு பலகை வைக்கப்போகிறார்கள். 'லியாண்டரின் துணிச்சலான முடிவின் நினைவாக' என்று, அப்பா பெயரில். மலருக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு நினைவு வேண்டும். முடிந்தால் நீங்களே வரவேண்டும். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "எழுதேன். தபால்தலை உன்னோடதுதானே. அவன் பதில் போட மாட்டான்" என்றார். ஆனால் இன்று காலை என் மேஜைமேல் ஒரு தபால்தலை இருந்தது. நான் வாங்கியதல்ல.

அன்புடன்,
வெரேனா

---

யாக்கிமா, வாஷிங்டன்
2 ஏப்ரல் 1996

அன்புள்ள வெரேனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். இனெஸ் உன்னை விசாரித்தாள். மொட்டு விடும் நேரம். உறைபனி விழுந்தால் இந்த ஆண்டு ஆப்பிள் போனமாதிரிதான். அதனால் விடிவதற்கு முன்னமே தோட்டத்துக்குப் போய்விடுகிறேன்.

செய்தித்தாளில் வந்ததையே மலரில் போடு. எட்டு இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் எறிந்தேன். பந்து கேட்கப்பட்டது, கொடுத்தேன். வேறு நினைவில்லை.

இடது பக்க வேலிக்கு அப்பால் இருந்த பாப்லர் மரம் இன்னும் இருக்கிறதா? ஜூன் மாதம் அதன் பஞ்சு மைதானம் முழுக்கப் பறக்கும். பந்தெறியும்போது மூக்கில் போகும்.

உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஆசியுடன்,
ஒத்மார் சித்தப்பா

---

வெண்டல்ஹைம்
20 ஏப்ரல் 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மொட்டுகள் பிழைத்தனவா? மரம் இருக்கிறது. ஒரு கிளையை மட்டும் இடி கொண்டுபோயிற்று. என்னைப் பற்றி எழுதும்படி எதுவும் நடப்பதில்லை. புத்தகங்களை அடுக்குகிறேன், படிக்கிறேன்.

புனித வெள்ளிக்கு முந்தைய வாரம் கோயில் கூடத்தில் மீன் விருந்து நடந்தது. உருளைக்கிழங்கு வரிசையில் நிற்கும்போதே அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்துப் பண்ணை ஆல்வின்தான் ஆரம்பித்தார்.

"லியாண்டர், புது ஃபாதர் கேட்டதே இல்லையாம். அந்த ஒம்பதாவது இன்னிங்ஸைச் சொல்லுங்க."

"எத்தன வாட்டிய்யா சொல்றது? மீன் ஆறிப்போகுது."

"ஆறட்டும். மீன் அடுத்த வாரமும் கிடைக்கும்."

அப்பா தட்டை வைத்துவிட்டுச் சொன்னார். எப்போதும் சொல்வதுதான். "மேட்டுக்குப் போனேன். தம்பி கண்ணப் பார்த்தேன். தீர்ந்துபோச்சுன்னு தெரிஞ்சுது. ராஸ்பெர்க்காரனா இருந்தா என்ன, அவனக் கூப்பிடுன்னேன்." எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மீனைச் சாப்பிடவில்லை. முன்பெல்லாம் சாப்பிடுவார்.

சமையலறை இழுப்பறையில் அம்மாவின் ஸ்கோர் நோட்டு கிடைத்தது. அம்மா போய் மூன்று வருடமாகியும் அந்த இழுப்பறையை நாங்கள் திறந்ததில்லை. அந்த இறுதி ஆட்டத்தின் பக்கத்தில் ருபார்ப் பை என்ற பலகாரம் சிந்திய கறை இருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாள். பென்சிலில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸின் ஓரத்தில் மட்டும் சின்னதாக 'லி' என்று எழுதியிருக்கிறாள். ஒருவரைத் தாண்டி மறுபடியும் ஒரு 'லி'. இரண்டு. அப்பா மேட்டுக்குப் போனதைத்தான் குறித்திருக்கிறாளா? அப்பா கதையில் ஒரு முறைதான் போகிறார்.

அன்புடன்,
வெரேனா

---

வெண்டல்ஹைம்
3 ஜூன் 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து எதுவும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பாவும் தினமும் தபால்காரரைப் பார்க்கிறார். "சித்தப்பா கடிதமாப்பா?" என்று கேட்டால், "இல்ல, சும்மா. ஆப்பிள் எப்படி இருக்குன்னு எழுதியிருப்பானோன்னு" என்கிறார்.

நேற்று ராஸ்பெர்க்குடன் ஆட்டம். அப்பா வழக்கம்போல மூன்றாவது தளத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். ஆறாவது இன்னிங்ஸில் ராஸ்பெர்க் மேனேஜர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தார். பிட்சரிடம் என்னவோ கத்திவிட்டு, மேடு வரைக்கும் போகாமலே திரும்பிவிட்டார். இரண்டு பேர் கழித்து மறுபடி வந்தார். அம்பயர் குறுக்கே வந்து இரண்டு விரலைக் காட்டினார். பிட்சர் தலையைத் தொங்கப்போட்டு வெளியே போனான்.

என்ன நடந்தது என்று முன்வரிசை ஆல்வினைக் கேட்டேன்.

"ஒரே இன்னிங்ஸ்ல மேனேஜர் ரெண்டு தடவ வந்தா பிட்சர் போயே ஆகணும்மா. அதான் சட்டம்."

"முதல் தடவை அவர் மேட்டுக்கே போகலையே?"

"கோட்டைத் தாண்டினாலே ஒண்ணு. இந்த ஆளு அத மறந்துட்டான்." பிறகு மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். "யோவ், ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா? விரல் இருக்குல்ல?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ராஸ்பெர்க்கை நோக்கிச் சிரிக்க ஒரு வாய்ப்பு கிடைத்தால் எங்கள் ஊரில் யாரும் விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். அப்பா சிரிக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் பாதி ஆட்டத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு 'லி'.

சித்தப்பா, அப்பா உங்களை இறக்கவில்லை, இல்லையா?

வெரேனா

---

யாக்கிமா
19 ஜூன் 1996

அன்புள்ள வெரேனாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன், பிறகு எழுந்துவிட்டேன். இப்படி மூன்று முறை.

ரோசாலியா அண்ணி எதையும் தப்பாகக் குறிக்க மாட்டாள். நடந்ததைச் சொல்கிறேன். முதல் தளத்தில் ஒருவன் இருந்தான், ஒரு அவுட். உன் அப்பா கோட்டைத் தாண்டி, "கீழ, வெளிப்பக்கமா போடு!" என்று கத்திவிட்டுப் பாதியில் திரும்பினான். எனக்கு அங்கே போட விருப்பமில்லை. என் வளைபந்தை உட்பக்கம் போட நினைத்திருந்தேன். ஆனால் அவன் மேனேஜர், அதற்கும் மேலே அண்ணன். அவன் சொன்ன இடத்தில் போட்டேன். மட்டைக்காரன் அடித்துவிட்டான். இரண்டு தளங்களில் ஆள்.

அடுத்தவன் மட்டையோடு வந்து நின்றபோது உன் அப்பா மறுபடியும் வந்தான். இந்த முறை நடந்தே வந்தான். மேட்டுக்கு மூன்று எட்டு இருக்கும்போது அம்பயர் நிறுத்தினார்.

"லியாண்டர், இது ரெண்டாவது. அவர் போகணும்."

"நான் மேட்டுக்கே வரலையே அப்போ."

"கோட்டைத் தாண்டினீங்க."

அவ்வளவுதான். கேட்சர் தூரத்தில் கால்கவசத்தின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. உன் அப்பா முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. அவன் கையை நீட்டவேண்டாம் என்று நானே பந்தை அதில் வைத்தேன்.

ஒரு பிழை. அதற்காக நான் கோபித்ததில்லை. நானும் எத்தனையோ பிழை செய்திருக்கிறேன். ஜெயித்துவிட்டோம், யாருக்கு என்ன? ஆனால் கூடத்தில் விருந்து வைத்தபோது எழுந்து நின்று சொன்னான், என் கண்ணைப் பார்த்தானாம், தீர்ந்துபோயிருந்ததாம். நான் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தீரவில்லை, வெரேனா. இன்னும் பத்துப் பேருக்கு எறிந்திருப்பேன். தனியாகவாவது வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். அக்டோபர் போயிற்று, பனி விழுந்தது. கடையில், ஆலையில், எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தட்டிக்கொடுத்தார்கள். "பரவால்ல ஒத்மார், எல்லாருக்கும் ஒரு நாள் தீரும்." பிப்ரவரியில் இங்கே வந்துவிட்டேன்.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவன் பெருமை அன்றே போயிருக்கும். நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. பலகையை வைக்கட்டும். அவனிடம் கேட்காதே.

அடுத்த கடிதத்தில் உன்னைப் பற்றி ஏதாவது எழுது.

சித்தப்பா

---

வெண்டல்ஹைம்
5 ஜூலை 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியும் நீங்களும் நலமென்று நினைக்கிறேன். நான் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலை. என்னைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான்.

ஆனால் மலரில் எனக்குத் தெரிந்தே பொய் எழுத முடியவில்லை. பழைய தொடக்கத்தை அடித்துவிட்டு, 'ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்து ஒத்மாரிடமிருந்து ஃப்ளோரியனுக்குப் போயிற்று' என்று மட்டும் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"பந்து தானா போச்சா? கால் முளைச்சா?"

"வேற எப்படிப்பா எழுதறது?"

"முன்னால எழுதியிருந்தியே, லியாண்டர் இறக்கினார்னு."

"அப்படியே போடட்டுமா? நீங்க சொல்லுங்க, போடறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "உங்கம்மாவோட நோட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. தானாகவே அங்கே திறந்துகொண்டது. எனக்கு முன்பே யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள்.

அன்புடன்,
வெரேனா

---

வெண்டல்ஹைம்
14 ஜூலை 1996

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமும் இனெஸின் நலமும் அறிய ஆவல். சோளம் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. நல்ல மழை. முழங்காலுக்கு டாக்டர் ஊசி போட்டார், பெரிய பலனில்லை.

ஆகஸ்டு 18 விழாவை வெரேனா எழுதியிருப்பாள். மாடி அறையில் கட்டில் இருக்கிறது. உன் பழைய கட்டில்தான், மெத்தை புதிது. ஃப்ளோரியன் வருகிறான். அவனுக்கு இப்போது ஏழு பேரப்பிள்ளைகளாம்.

அந்த ஒன்பதாவது இன்னிங்ஸைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவில் மை சரியாக வரவில்லை. தபால் எடுக்கிற நேரமும் ஆகிவிட்டது.

லியாண்டர்

---

யாக்கிமா
27 ஜூலை 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் பார்த்தேன். நாங்கள் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வர முடியாது. ஆகஸ்டு நடுவில் முதல் ரகம் பறிப்பு தொடங்கும். நாற்பது பேரை நான்தான் மேய்க்கவேண்டும். ஃப்ளோரியனை விசாரித்ததாகச் சொல்.

உன் பேனாவில் மை இருந்தது. 'தபால் எடுக்கிற நேரம்' வரைக்கும் நன்றாகவே எழுதியிருக்கிறது.

இருபத்தைந்து வருடமாக நான் உன்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த விருந்தில் சொன்னதைப் பற்றி இல்லை. அது கிடக்கட்டும். முதல் முறை கோட்டைத் தாண்டி, கீழே வெளிப்பக்கம் போடச் சொன்னாய். இரண்டாம் முறை அம்பயர் குறுக்கே வந்துவிட்டார். என்ன சொல்ல வந்தாய்? இறக்க வந்தாயா? அதை மட்டும் சொல்.

ஒத்மார்

---

வெண்டல்ஹைம்
19 ஆகஸ்டு 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பறிப்பு நன்றாக நடக்கிறதா? நேற்று விழா முடிந்தது. நானூறு பேர் இருக்கும். ஃப்ளோரியன் அந்தக் காலத்துப் பச்சை ராஸ்பெர்க் தொப்பியைப் போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து ஊளையிட்டார்கள், பிறகு கட்டிக்கொண்டார்கள்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். உறையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நேற்றும் இருந்தது. மைக்கைப் பிடித்தபோது இன்னொரு கை அந்தப் பையின்மேல்தான் இருந்தது.

"எல்லாரும் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். நான் எந்த முடிவும் எடுக்கல. ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு தடவ கோட்டைத் தாண்டிட்டேன். அதனாலதான் என் தம்பி வெளிய போனான். ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாத மேனேஜர் நான்."

ஆல்வின் தொடையைத் தட்டிச் சிரித்தார். மைதானமே சிரித்தது.

"இருபது வருஷம் வெண்ணெய் ஆலைல பால எடை போட்டவருக்கு ரெண்டு எண்ணத் தெரியாதாம்! நல்லா விடறாருய்யா!"

"சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். அவனுக்குத் தீரல. தீர்ந்துச்சுன்னு நான் சொன்னது பொய்."

அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஃப்ளோரியன் அப்பா தோளில் கையைப் போட்டு, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்! பெரிய மனுஷன்னா இவருதான்" என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். பலகையை மூடியிருந்த துணியை ஃபாதர் இழுத்தார். அப்பா மைக்கை இன்னும் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் போய் வாங்கினேன்.

நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில், "நீ நம்பினியாம்மா?" என்று கேட்டார். நம்பினேன் என்றேன். "உங்கம்மாவும் தெரிஞ்சேதான் இருந்தா. ஒரு நாளும் கேக்கல. கேட்டிருக்கலாம்" என்றார்.

இன்று காலை ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்து, இதோடு சேர்த்து அனுப்பச் சொன்னார். நான் பிரிக்கவில்லை.

அன்புடன்,
வெரேனா

---

வெண்டல்ஹைம்
19 ஆகஸ்டு 1996

தம்பி,

ஊருக்குச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான். உனக்கு முதலில் சொல்லியிருக்கவேண்டும். பத்திரிகைக்காரன் ஒருவன் நான் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே, எப்படி அவ்வளவு தைரியம் வந்தது என்று கேட்டான். உன் கண்ணைப் பற்றிய அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுநாள் அச்சில் பார்த்தேன். அதற்குப் பிறகு அதைத் திருத்துவது ஒவ்வொரு நாளும் கடினமாகிக்கொண்டே போயிற்று. நீ கிளம்பின காலை நான் ஆலையில் இருந்தேன். வேலை இல்லை. சும்மா இருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். உன்னை இறக்க வரவில்லை.

நான் சொன்ன இடத்தில் போட்டு நீ அடி வாங்கினாய். பெஞ்சிலிருந்து பார்த்தபோது, நீ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு என் பக்கம் பார்த்தாய். மறுபடியும் நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாய். எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுந்து வந்தேன். சொல்ல வந்தது இதுதான்: 'நான் சொன்னது தப்பு. உன் வளைபந்தைப் போடு. ஆட்டம் உன்னுடையது, நான் இனி வரமாட்டேன்.'

லியாண்டர்

---

யாக்கிமா
2 செப்டம்பர் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை. உன் கடிதத்தைப் பொட்டலம் கட்டும் கொட்டகையில் படித்தேன். அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். இனெஸ் வந்து என்னவென்று கேட்டாள். அண்ணன் மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, வண்டியில் விளக்கிக்கொண்டே வந்தேன்.

அந்த வளைபந்தைப் போட்டிருந்தாலும் ஒருவேளை அடுத்தவனும் அடித்திருப்பான். தெரியாது. பலகை இருக்கட்டும், பிடுங்கவேண்டாம்.

பறிப்பு அக்டோபர் பதினைந்தோடு முடியும். இருபதாம் தேதி ரயிலில் வருகிறேன். அப்போது ஆட்டம் எதுவும் இருக்காது, புல்லெல்லாம் காய்ந்திருக்கும். வெரேனாவிடம் சொல், அவள் கதையைக் கேட்க நான் இரண்டு வாரம் தங்குவேன் என்று.

என் பழைய கையுறையை எடுத்து வருகிறேன். மேட்டில் நிற்பேன். நீ முழங்காலைப் பார்த்து மெதுவாக நடந்து வா. எத்தனை முறை வேண்டுமானாலும் கோட்டைத் தாண்டு. எண்ணுவதற்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒத்மார்